இரண்டு புரொஜெக்டர், ஒரே படம்: நடுவில் விழும் பட்டையை மறைப்பது எப்படி?

ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் படம் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் நீண்ட வரிசைகளில் நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்திருந்தது. உயரத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேலான அகலம் அதற்கு. மண்டபச் சுவர் முழுவதும் அதைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாட்டுக் குழுவின் ஆசை. ஒரே புரொஜெக்டரில் காட்டினால் முகங்கள் மங்கலாகிவிடும். எனவே இரண்டை வாடகைக்கு எடுத்து, பக்கம் பக்கமாக வைத்து, பாதிப் படத்தை ஒன்றிலும் மறு பாதியை மற்றொன்றிலும் காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

படம் சுவரில் விழுந்தது. இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் இடைவெளி தெரியாமலிருக்க, ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி வைத்திருந்தேன். அந்த இடத்தில் மேலிருந்து கீழாக வெளுத்த பட்டை ஒன்று ஓடியது. அதற்குள் நின்றவர்களுக்கு நான்கு கண்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். "தம்பி, அந்த வெள்ளக் கோட்டுக்குள்ளதான் எங்க அண்ணன் நிக்கிறாரு. கொஞ்சம் சரி பண்ணிக் காட்ட முடியுமா?" என்றார். அன்று என்னால் முடியவில்லை.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதுதான் இந்த வாரப் பாடம். உங்கள் பள்ளி மண்டபத்திலோ கோயில் மண்டபத்திலோ இரண்டு புரொஜெக்டர்களை இணைக்க வேண்டிய நாள் வந்தால் இது கைகொடுக்கும்.

ஒரு தாளின் தடிமன்

முதலில் எழும் கேள்வி: படங்களை ஏன் ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டும்? விளிம்போடு விளிம்பு தொடும்படி வைத்தால் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுவரில் 4.4 மீட்டர் அகலத்துக்கு விழும் படத்தில் 1,920 பிக்சல்கள் இருந்தால், ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 2.3 மில்லிமீட்டர். புரொஜெக்டர் சுவரிலிருந்து 6.7 மீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு காலின் கீழே 0.1 மில்லிமீட்டர் உயர்த்தினால், சுவரில் படம் 2.2 மில்லிமீட்டர் நகரும். அதாவது ஏறத்தாழ ஒரு பிக்சல். 0.1 மில்லிமீட்டர் என்பது நாம் அச்சுப்பொறியில் போடும் சாதாரண வெள்ளைத் தாளின் தடிமன்.

ஒரு தாளைச் செருகினாலே படம் ஒரு பிக்சல் நகர்கிறது என்றால், விளிம்போடு விளிம்பாக வைத்த படங்கள் எவ்வளவு நேரம் அப்படியே நிற்கும்? யாராவது மேசையில் கைவைத்தால் போதும். விலகினால் கறுப்புக் கோடு, நெருங்கினால் வெள்ளைக் கோடு. நம் கண் அந்த மெல்லிய கோட்டை மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தே பிடித்துவிடும். அகலமான பட்டையாக ஏற்றி, ஒரு படம் மெல்ல மறைய மறைய மற்றது மெல்லத் தோன்றும்படி செய்தால், ஒரு பிக்சல் பிசகு அவ்வளவாகத் துருத்தித் தெரியாது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இந்தப் பகுதியை இணைப்புப் பட்டை என்று அழைப்போம். படத்தின் அகலத்தில் 10 முதல் 25 விழுக்காடு வரை அதற்கு ஒதுக்குவது வழக்கம்.

இந்தத் தலைவலி புதியதல்ல. 1952 செப்டம்பர் 30ஆம் நாள் நியூயார்க்கில் 'திஸ் இஸ் சினிராமா' என்ற படம் திரையிடப்பட்டது. அதை உருவாக்கியவர் ஃபிரெட் வாலர். இரண்டாம் உலகப் போரின்போது விமானப்படைத் துப்பாக்கிவீரர்களின் பயிற்சிக்காக, ஐந்து புரொஜெக்டர்கள் சேர்ந்து குழிவான திரையில் படம் காட்டும் கருவியை அமைத்தவரும் அவரே. சினிராமாவில் மூன்று புரொஜெக்டர்கள், மூன்று படச்சுருள்கள், பார்வையாளரைச் சூழ்ந்துகொள்ளும் 146 பாகை வளைவுத் திரை. இணைப்புகளை மறைக்க அவர்கள் கண்ட வழி சுவையானது. புரொஜெக்டருக்குள் படச்சுருளின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற சிறு தகடு ஒன்றை வைத்து, அதை மிக வேகமாக மேலும் கீழும் ஆட்டினார்கள். பற்களுக்கிடையே ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததால் விளிம்பு கூர்மை இழந்து மங்கியது. இன்று கணினி செய்வதை அன்று ஒரு தகரச் சீப்பு செய்தது.

அப்படியும் கோடுகள் தெரிந்தன. பின்னாளில் சினிராமாவில் கதைப்படம் எடுத்த இயக்குநர்கள், இணைப்பு விழும் இடத்தில் மரத்தையோ தூணையோ நிறுத்திவைத்துப் படம்பிடித்தார்கள். 1963இலிருந்து சினிராமா என்ற பெயரில் வந்த படங்களே அகலமான ஒரே சுருளுக்கு மாறிவிட்டன.

இடத்தை முதலில் அளந்துவிடுங்கள்

ஒத்திசைக்கும் வேலையில் பாதி, கணினியைத் திறக்கும் முன்பே முடிந்துவிடும். 8 மீட்டர் அகலச் சுவரில் 1920 × 1080 பிக்சல் கொண்ட இரண்டு புரொஜெக்டர்களை வைக்கப்போகிறோம் என்று கொள்வோம். 20 விழுக்காடு, அதாவது 384 பிக்சல், இணைப்புப் பட்டைக்குப் போகிறது. எனவே மொத்தப் படத்தின் அகலம் 3,840 அல்ல, 3,456 பிக்சல். உயரம் 1,080. எட்டு மீட்டர் அகலத்துக்கு உயரம் 2.5 மீட்டர் வரும். ஒவ்வொரு புரொஜெக்டரும் 4.44 மீட்டரை நிரப்ப வேண்டும். இணைப்புப் பட்டை மட்டும் 89 சென்டிமீட்டர். ஒருவர் தாராளமாக உள்ளே நிற்கலாம்.

புரொஜெக்டரின் கைப்புத்தகத்தில் வீச்சு விகிதம் என்று ஓர் எண் இருக்கும். தொலைவைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. விகிதம் 1.5 என்றால், 4.44ஐ 1.5ஆல் பெருக்கி, 6.7 மீட்டர் தொலைவில் வைக்க வேண்டும். இரண்டு லென்சுகளுக்கும் இடையே 3.56 மீட்டர். இரண்டும் சுவரை நேர்செங்குத்தாகப் பார்க்க வேண்டும். மேசை போதாமல் இரண்டையும் நடுவில் நெருக்கிவைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் திருப்பிவிடுவது நாம் எல்லாரும் செய்யும் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். அப்படித் திருப்பினால் செவ்வகம் சரிவகமாகிவிடும். பிறகு கீஸ்டோன் பொத்தானை அழுத்தி அதை நேராக்கத் தோன்றும்.

அந்தப் பொத்தானைத் தொடாமலிருக்க முடிந்தால் நல்லது. கீஸ்டோன் திருத்தம் லென்சை ஒன்றும் செய்வதில்லை. படத்தைக் கணக்கால் நசுக்கி, பிக்சல்களின் மதிப்பைப் பக்கத்துப் பிக்சல்களோடு கலந்து புதிதாக எழுதுகிறது. மெல்லிய கோடுகள் மங்குகின்றன. பயன்படுத்தாத பிக்சல்கள் கறுப்பாகக் கசிகின்றன. புரொஜெக்டரில் லென்சையே மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். படம் இடம் மாறும், வடிவம் மாறாது.

கட்டங்கள் நிறைந்த படம் ஒன்றை இரண்டிலும் காட்டி, இடப்பக்கத்துக்குச் சிவப்பும் வலப்பக்கத்துக்குப் பச்சையும் கொடுங்கள். இணைப்புப் பட்டைக்குள் இரண்டு கோடுகளும் பொருந்திய இடம் மஞ்சளாகத் தெரியும். பொருந்தாத இடத்தில் சிவப்பும் பச்சையும் தனித்தனியே நிற்கும். எங்கே பிசகியது என்று ஆராயத் தேவையில்லை, நிறமே சொல்லிவிடும். இதைத் தொடங்கும் முன் புரொஜெக்டர்களை அரைமணி நேரமாவது எரியவிடுங்கள். சூடேறும்போது லென்சும் அதன் பிடிப்பும் சற்றே விரிவதால், சில்லென்று இருக்கும்போது பொருத்திய கட்டம் பிறகு விலகிவிடும்.

தட்டையான சுவர் என்றால் நான்கு மூலைகளைச் சரியாகப் பொருத்தினாலே போதும். தட்டையான ஒரு தளத்தை இன்னொரு தட்டையான தளத்தின்மேல் வீழ்த்தும்போது நேர்க்கோடு நேர்க்கோடாகவே இருக்கும். அந்த உருமாற்றத்தை எட்டே எண்களால் எழுதிவிடலாம். ஒரு மூலைக்கு இரண்டு எண்கள், நான்கு மூலைக்கு எட்டு. கணினியில் மூலைகளைச் சுட்டெலியால் இழுக்கும்போது நீங்கள் உண்மையில் அந்த எட்டு எண்களைத்தான் மாற்றுகிறீர்கள்.

வளைந்த சுவர் என்றால் கதையே வேறு. வில்லியம் ஃபார்குவார் மலாக்காவில் இருந்த காலத்தில் சீன ஓவியர்களைக் கொண்டு வரையச்செய்த இயற்கை ஓவியங்களை உயிர்ப்பித்து, சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் கண்ணாடி வட்ட மண்டபத்தில் 2016இல் டீம்லேப் குழு 'காட்டின் கதை' என்ற படைப்பை அமைத்தது. பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: வட்டச் சுவரில் காடு நம்மைச் சுற்றி நகர்ந்தது. அப்படிப்பட்ட சுவரில் நான்கு மூலைகளை இழுத்துப் பயனில்லை. ஒவ்வொரு பிக்சலும் சுவரில் எங்கே விழுகிறது என்று அறிய வேண்டும். இலட்சக்கணக்கான பிக்சல்களைக் கையால் பொருத்த யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அங்கேதான் கேமரா வருகிறது. 1990களின் இறுதியில் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் இதற்காக உழைத்த ஆய்வாளர்களில் ஒருவர், மகாராஷ்டிர மாநிலத்து நாசிக்கில் பிறந்த ரமேஷ் ராஸ்கர். சாதாரண அறைச் சுவரையே திரையாக்கி, கேமராவே பார்த்துப் புரொஜெக்டர்களைப் பொருத்தும் முறைகளை அந்தக் குழு வளர்த்தது.

கேமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது? புரொஜெக்டர் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை வரிசையாகக் காட்டும். முதல் படத்தில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அடுத்தடுத்த படங்களில் பட்டைகள் மெலிந்துகொண்டே போகும். சுவரில் ஒரு புள்ளியைக் கேமரா கவனிக்கிறது. அது வெள்ளையாக இருந்தால் 1, கறுப்பாக இருந்தால் 0. பதினொரு படங்கள் முடிந்ததும் பதினொரு இலக்கங்கள் கைக்கு வந்துவிடும். இரண்டைப் பதினொரு முறை பெருக்கினால் 2,048. ஆகவே 1,920 நிரல்களில் அந்தப் புள்ளி எந்த நிரலைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். 1,080 நிரைகளுக்கும் இன்னொரு பதினொரு படங்கள். ஒவ்வொன்றுக்கும் கறுப்பை வெள்ளையாக மாற்றிய மறுபடியும் காட்டினால் 44. இருபது இலட்சம் பிக்சல்களின் முகவரி 44 படங்களில் முடிந்துவிடுகிறது. பட்டைகளின் வரிசையைப் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிராங்க் கிரே வகுத்த குறியீட்டின்படி அமைப்பார்கள். அதில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே ஒரே ஓர் இலக்கம்தான் மாறும். பட்டையின் விளிம்பில் கேமரா குழம்பினாலும் பக்கத்து நிரலுக்குப் போகுமே தவிர, சுவரின் மறுகோடிக்குத் தாவாது.

பாதியும் பாதியும் ஏன் முழுமையாகவில்லை?

இப்போது முகங்களுக்கு இரண்டே கண்கள். வெளுத்த பட்டை மட்டும் இருக்கிறது. அதற்குக் காரணம் எளிது: இரண்டு விளக்குகளின் ஒளி ஒரே இடத்தில் விழுந்தால் கூடும். இணைப்புப் பட்டையில் ஒளி இரு மடங்கு.

என் முதல் மருந்து இதுதான். இடப் படத்தின் வலது ஓரத்தை 255இலிருந்து 0 வரை சீராகக் குறைத்தேன். வலப் படத்தின் இடது ஓரத்தை 0இலிருந்து 255 வரை சீராகக் கூட்டினேன். நட்டநடுவில் இரண்டும் 128. பாதியும் பாதியும் சேர்ந்தால் ஒன்று என்று நம்பிச் சுவரைப் பார்த்தால், வெளுத்த பட்டை போய்க் கருத்த பட்டை வந்திருந்தது! பலர் இந்த இடத்தில்தான் புரொஜெக்டரைத் திட்டுகிறார்கள். புரொஜெக்டர்மேல் குற்றமில்லை.

கணினியில் 128 என்பது எண்ணில்தான் பாதி. ஒளியில் பாதி இல்லை. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் ஒளி பாதியைவிட வெகுவாகக் குறைந்துவிடும். அதை ஈடுசெய்யும்படியே படங்கள் பதிவாயின. நம் கண்ணும் இருண்ட சாயல்களுக்கிடையே உள்ள சிறு வேறுபாடுகளைக் கூர்மையாகக் காண்பதால், படக்குழாய் போன பிறகும் அந்த ஏற்பாடு பொருத்தமாகவே நிலைத்துவிட்டது. அதைக் காமா என்பார்கள், பெரும்பாலும் 2.2. எண்ணை 255ஆல் வகுத்து, வருவதை 2.2 அடுக்குக்கு உயர்த்தினால்தான் உண்மையான ஒளி கிடைக்கும். 128ஐ அப்படிச் செய்து பாருங்கள்: 0.22. அதாவது 22 விழுக்காடு. இரண்டு புரொஜெக்டரும் சேர்ந்து 44 விழுக்காடுதான். பாதிக்கும் மேற்பட்ட ஒளி காணாமல் போய்விட்டது. பட்டை கருக்காமல் என்ன செய்யும்?

பாதி ஒளி வேண்டுமென்றால் எண் 186ஆக இருக்க வேண்டும். கால் பங்குக்கு 136, முக்கால் பங்குக்கு 224. என் முதல் முயற்சியில் அந்த இடங்களில் 64உம் 191உம் இருந்தன.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கணினித் திரையில் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிமாறி வரும் கிடைக்கோடுகளை வரைந்து, பக்கத்தில் 128 சாம்பல் கட்டம் ஒன்றையும் 186 சாம்பல் கட்டம் ஒன்றையும் வையுங்கள். படத்தைப் பெரிதாக்கவோ சுருக்கவோ கூடாது. சில அடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கோடுகள் சரிபாதி ஒளி. அவை 186ஓடு கலந்துவிடும். 128 தனியே கருத்து நிற்கும். உங்கள் புரொஜெக்டரின் காமா 2.2தானா என்பதையும் இதே படத்தைச் சுவரில் காட்டிச் சோதிக்கலாம். வேறு எண்ணோடு கலந்தால், காமாவும் வேறு.

ஒளி குறையும் வேகத்தையும் கவனிக்க வேண்டும். ஒளியையே சீராகக் குறைத்தாலும், குறையத் தொடங்கும் இடத்தில் சரிவு திடீரென்று திரும்புகிறது. 1865இல் ஏர்ன்ஸ்ட் மாக் விளக்கியபடி, ஒளியின் சரிவு திடீரென்று மாறும் இடத்தில் நம் கண் இல்லாத கோடு ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும். ஆகவே மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமாக இறங்கி, மெதுவாக முடியும் வளைவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த வளைவானாலும் ஒரே நிபந்தனை: ஒவ்வோர் இடத்திலும் இரண்டின் ஒளியும் சேர்ந்து சரியாக ஒன்றாக வேண்டும்.

இந்தக் கூட்டலைக் கெடுக்கும் பகையாளிகள் சில, புரொஜெக்டரின் அமைப்புப் பட்டியலிலேயே ஒளிந்திருக்கின்றன. காட்சிக்குக் காட்சி விளக்கைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி முதலாவது. இடப்பக்கம் இருட்டுக் காட்சியும் வலப்பக்கம் பகல் காட்சியும் வந்தால் இரண்டும் தனித்தனி முடிவெடுக்கும். அணைத்துவிடுங்கள். மின்சிக்கன முறையில் வைப்பதென்றால் இரண்டையும் ஒரே முறையில் வையுங்கள். இன்னொன்று, ஒற்றைச் சில்லு டிஎல்பி வகைகளில் சுழலும் வண்ணச் சக்கரம். சிவப்பு, பச்சை, நீலத்தோடு நிறமற்ற துண்டு ஒன்றும் அதில் இருப்பதுண்டு. வெள்ளையை மட்டும் கூடுதலாகப் பளிச்சிட வைப்பது அதன் வேலை. விளம்பரத்தில் லூமென் எண்ணிக்கை உயரும். நம் கணக்கு உடையும். மூன்று நிறங்களின் ஒளியைக் கூட்டினால் வெள்ளையின் ஒளி வராது என்ற நிலையில், எந்த வளைவும் எல்லா நிறத்துக்கும் பொருந்தாது. சினிமா அல்லது எஸ்ஆர்ஜிபி என்ற முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் அந்தக் கூடுதல் பளிச்சு அடங்கிவிடும்.

நிறம்: எவ்வளவு சரியாக இருந்தால் போதும்?

வாடகைக்கு எடுக்கும்போது ஒரே மாதிரி இரண்டை, அதிலும் விளக்கு எரிந்த மணிக்கணக்கு நெருக்கமாக இருப்பவற்றைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. விளக்கு பழையதாக ஆக ஒளி குறையும், நிறமும் சாயும். ஒன்று மஞ்சள் வெள்ளை, மற்றொன்று நீல வெள்ளை என்றால், மனித முகத்தில் அது உடனே தெரியும்.

இரண்டிலும் வெறும் சாம்பல் நிறத்தைக் காட்டி, அதிக ஒளியுள்ளதைக் குறைத்து மற்றதற்குச் சமமாக்குங்கள். குறைந்ததைக் கூட்டுவதற்கு அதனிடம் ஒளி மிச்சமிருக்காது. கைப்பேசியின் கேமராவில் ஒளியளவையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டுப் படமெடுத்து ஒப்பிட்டால் கண்ணைவிட நம்பலாம். தானியங்கியாக விட்டால் கேமராவே ஒவ்வொரு முறையும் 'சரிசெய்து' நம்மை ஏமாற்றிவிடும்.

ஆனால் எல்லையில்லாமல் இதில் இறங்காதீர்கள். ஒரே புரொஜெக்டரின் படமே நடுவில் பிரகாசமாகவும் மூலைகளில் மங்கலாகவும்தான் இருக்கும். அதை நாம் கவனிப்பதே இல்லை. பல புரொஜெக்டர் திரைகளின் ஒளியையும் நிறத்தையும் ஆராய்ந்த அதிதி மஜும்தார் போன்றவர்கள் இதைத்தான் பற்றிக்கொண்டார்கள். திரை முழுவதையும் கறாராகச் சமமாக்கினால், மிக மங்கலான மூலைக்கு மற்ற இடங்களையெல்லாம் இறக்க வேண்டிவரும், படமே சோர்ந்துவிடும். வேறுபாடு இருக்கட்டும், கண் பிடிக்க முடியாத அளவுக்கு மெதுவாக மாறட்டும் என்று விட்டால் ஒளியும் மிஞ்சும், இணைப்பும் தெரியாது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கருத்து இது.

திரையைப் பற்றியும் ஒரு சொல். ஒளியைக் கூட்டிக்காட்டும் வெள்ளித்திரைகளைத் தவிருங்கள். அவை ஒளியைக் குறிப்பிட்ட திசையில் அதிகமாகத் திருப்புவதால், நடுவில் அமர்ந்தவருக்குத் தெரியாத இணைப்பு ஓரத்தில் அமர்ந்தவருக்குப் பளிச்சென்று தெரியும். பளபளப்பில்லாத வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் அதைவிட மேல்.

கறுப்பு என்ற தொல்லை

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் கணினி சரிசெய்யும். ஒன்றை மட்டும் செய்யாது. புரொஜெக்டருக்குக் கறுப்பைக் காட்டத் தெரியாது. கறுப்பு என்று கட்டளையிட்டாலும் கொஞ்சம் ஒளி கசியும். 5,000 லூமென் புரொஜெக்டர் நம் சுவரில் 11 சதுர மீட்டருக்கு ஒளி தந்தால், வெள்ளைக்கு 450 லக்ஸ் கிடைக்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஆயிரம் மடங்கு வேறுபாடு என்றால், கறுப்பு 0.45 லக்ஸ். முழுநிலவின் ஒளியே 0.1 முதல் 0.3 லக்ஸ்தான். இணைப்புப் பட்டையில் இரண்டின் கசிவும் சேர்ந்து 0.9. விளக்கை அணைத்த மண்டபத்தில், இருண்ட காட்சியின்போது, நடுவில் சாம்பல் திரைச்சீலை ஒன்று தொங்குவதுபோல் தெரியும். பூஜ்யத்துக்குக் கீழே எண் இல்லாததால் அதைக் குறைக்க வழியில்லை.

மென்பொருள் செய்யக்கூடியது, மற்ற இடங்களின் கறுப்பையும் அதே அளவுக்கு உயர்த்துவது. நம் கணக்கில், இணைப்புக்கு வெளியே 0 இருக்கும் இடத்திலெல்லாம் 11 என்று வைத்தால் சமமாகும். பட்டை மறையும், விலையாக, படம் முழுவதிலும் கறுப்பின் ஆழம் பாதியாகிவிடும். இரவு வானத்தைக் காட்டும் கோளரங்கங்களுக்கு இந்த விலை கட்டுப்படியாகாது. நட்சத்திரங்களுக்கிடையே சாம்பல் வானம் இருந்தால் யார் பார்ப்பார்கள்? அதனால் அத்தகைய குவிமாடங்களில் லென்சுக்கு முன்னால் உலோகத் தகடுகளைப் பொருத்தி, விளிம்பின் ஒளியை வழியிலேயே மறைப்பதுண்டு. தகடு லென்சுக்கு மிக அருகில் இருப்பதால் அதன் நிழல் மங்கலாக, படிப்படியாக விழும். கசியும் ஒளியும் சேர்ந்து குறையும். சினிராமாவின் சீப்பு வேறு வடிவில் திரும்பி வந்திருக்கிறது.

இவ்வளவும் படித்த பிறகு, அதே பள்ளியின் அடுத்த ஒன்றுகூடலுக்கு மீண்டும் புரொஜெக்டர்களோடு போனேன். இந்த முறை மாலை ஏழு மணி நிகழ்ச்சிக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கே. இரண்டு மேசைகளைச் சரியான இடைவெளியில் போட்டு, கட்டங்களைப் பொருத்தி, ஓரங்களை ஒளிக்கணக்கில் குறைத்தேன். பிறகு சினிராமாக்காரர்களின் தந்திரத்தையும் கையாண்டேன். படத்தைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, பெரும்பாலான முகங்களுக்குப் பதிலாகப் பள்ளிக்கூடத்துக் கதவும் அதன் ஓரத்துத் தூணும் இணைப்பில் விழும்படி செய்தேன். படங்களுக்கிடையே வரும் வெற்றுப் பக்கங்களைக் கறுப்புக்குப் பதிலாகக் கரும்பழுப்பாக மாற்றினேன். கறுப்பில் தெரியும் பட்டை அதில் தெரியவில்லை. மேசைகளைச் சுற்றி நாற்காலிகளைக் கவிழ்த்துவைத்து யாரும் நெருங்காதபடி வேலியும் கட்டியாயிற்று. அப்படியும் ஆறரை மணிக்கு ஒரு சிறுவன் ஓடிவந்து மேசைக்காலில் இடித்துவிட்டான். மறுபடியும் சிவப்புப் பச்சைக் கட்டங்களைப் போட்டு, ஒரு காலின் கீழே தாள் ஒன்றை மடித்துவைத்தேன்.

அந்த அம்மா முன்வரிசையில் அமர்ந்திருந்தார். படம் வந்ததும் எழுந்து சுவரருகே போய், ஒரு பையனை விரலால் தொட்டுக் காட்டினார். அண்ணனின் சட்டையில் மேல் பொத்தான் இல்லை என்பதை முதலில் பார்த்தவர் அவர்தான்.